மூப்பில்லா இறப்பு: எந்திர மனிதர் பற்றிய இரு புனைவுகள்

இறப்பே மனிதனை எந்திரத்தினின்று வேறுபடுத்துகிறது என்னும் கருத்து அறிவியல் புனைவுத் திறனாய்வில் வழங்கி வருகிறது. ஐசக் அசிமோவின் 'தி பைசென்டென்னியல் மேன்' (1976) என்னும் கதை இதற்குச் சான்றாகக் காட்டப்பெறுவதுண்டு. காரெல் சாப்பெக்கின் 'ஆர்.யு.ஆர்.' (1920) என்னும் செக் நாடகத்தோடு ஒப்பிட்டு நோக்கின், இக்கருத்து மறு ஆய்வுக்கு உரியதாகிறது.

'ரோபோ' என்னும் சொல்லை உலகுக்கு அளித்தது சாப்பெக்கின் நாடகமே. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லினின்று அது பிறந்தது. இந்நாடகத்து ரோபோக்கள் உலோகத்தால் ஆனவை அல்ல. உயிர்ப்பொருளை ஒத்த செயற்கைப் பொருளால் ஆனவை. அவற்றின் வாழ்நாள் ஏறத்தாழ 20 ஆண்டுகள். குழந்தைப் பருவம் அவற்றுக்கு இல்லை. இறப்பு உண்டு என்பதற்காக அவற்றை எவரும் மனிதராக ஏற்கவும் இல்லை.

அசிமோவின் ஆண்ட்ரூ இதற்கு நேர்மாறானவன். தலைமுறைகளைக் கடந்து வாழ்பவன். நீதிமன்றத்தின் வழி விடுதலை பெறுகிறான்; மனித உடலை ஒத்த உடலையும் அடைகிறான். எனினும் சாகாத மூளை உடையவனை மனிதன் என ஏற்க மனிதர் ஒருப்படவில்லை. மூளையின் ஆற்றல் மெல்ல வடியுமாறு அறுவை செய்துகொண்ட பின்னரே, அவனது 200ஆம் ஆண்டு நிறைவில் அத்தகுதி சட்டப்படி வழங்கப்பெறுகிறது.

முன்னதில் இறப்பு, உற்பத்தியாளர் குறித்த காலக்கெடு. பின்னதில், உரிமைக்கு ஈடாகக் கேட்கப்பட்ட விலை. நரை, திரை, மூப்பு, சாக்காடு என்னும் வரிசையில் இறுதி ஒன்றே எந்திரத்துக்கு வாய்க்கிறது. ஆகவே இறப்பை மனிதத்தன்மையின் இலக்கணமாகக் கொள்ளும் திறனாய்வு, ஆண்ட்ரூவின் சாவை விலையாகக் கேட்ட சமூகத்தின் வாதத்தையே வழிமொழிவதாகிவிடும்.

இரு புனைவுகளும் வேறோர் இலக்கணத்தைச் சுட்டுகின்றன. எஞ்சிய ஒரே மனிதராகிய அல்க்விஸ்ட், பிரைமஸ், ஹெலெனா என்னும் ரோபோக்களுள் ஒருவரை அறுத்து ஆராய முற்படுகிறார். ஒவ்வொருவரும் மற்றவருக்கு ஈடாகத் தம்மை அளிக்க முன்வருகின்றனர். அப்போதே அல்க்விஸ்ட் அவர்களைப் புதிய ஆதாம் ஏவாளாகக் காண்கிறார். ஆண்ட்ரூவும், சிறுமியாக அவன் அறிந்த 'லிட்டில் மிஸ்' முதிர்ந்து இறக்கும்போது உடனிருக்கிறான். அவன் இறுதி நினைவும் அவளைப் பற்றியதே. மூப்பை அவன் அறிந்தது அவளது உடலின் வழியேதான். தான் இறத்தல் அன்று, பிறர் இறப்பைத் தாங்க இயலாமையே இப்புனைவுகள் காட்டும் மனிதத்தன்மை எனலாம்.