சாய்தளமும் ஆடுகளமும்: ‘டிசென்ற்’ ஆடல் பற்றிய ஒரு நோக்கு

கலை யாருடையது என்னும் வினா நமது திறனாய்வுலகிற்குப் புதியதன்று. எனினும், வர்க்கத்தையும் சாதியையும் முன்வைத்து அதனை எழுப்பிய நாம் உடலை முன்வைத்து எழுப்பியமை அரிது. ஆடற்கலையிலோ அவ்வினா தவிர்க்கவியலாதது. குறையற்ற அங்கங்களையும் ஆண்-பெண் இணையையும் இயற்கையின் நியதியெனக் கொண்டே மேடையாடல் பெரும்பாலும் வளர்ந்துள்ளது. ‘கைனெற்றிக் லைற்’ என்னும் அமெரிக்கக் குழுவினர் 2018 இல் நியூயோர்க்கில் மேடையேற்றிய ‘டிசென்ற்’ இவ்விரு எடுகோள்களையும் ஒருங்கே மறுப்பதால் ஆராயத்தக்கதாகின்றது.

இதில் சக்கர நாற்காலியில் இயங்கும் கலைஞர்களான அலிஸ் ஷெப்பேட், லோறல் லோசன் ஆகிய இருவரும் அந்திரோமீடா, வீனஸ் என்னும் காதலியராக ஆடுகின்றனர். இவ்விருவரையும் இணைத்து ரொடான் வடித்த சிற்பமே ஆக்கத்தின் தூண்டுகோல். ஷெப்பேட் மத்தியகால இலக்கியப் பேராசிரியராயிருந்தவர். ஒரு காலை இழந்த பின்னரும் ஆடிய ஹோமர் அவிலாவின் அறைகூவலை ஏற்று ஆடலுக்கு வந்தவர்.

மேடையை நிறைத்து நிற்பது மேடும் பள்ளமும் வளைவுமாய் அமைந்த ஒரு சாய்தளம். இதுவே ஆக்கத்தின் உட்பொருளைத் திறக்கும் சாவி எனலாம். அமெரிக்காவின் 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து வகுக்கப்பட்ட நியமங்கள், ஒரு சாய்தளம் 1:12 என்னும் சரிவை மிஞ்சலாகாதெனக் கூறுகின்றன. போராடிப் பெற்ற உரிமை அது. ஆயினும் அச்சாய்தளம் கட்டடத்தினுள் புகுவதற்கான வழி மட்டுமே. ‘டிசென்ற்’ காட்டும் சாய்தளமோ வழியன்று, வாழுமிடம். சக்கரம் தன் விசையால் உருண்டு இறங்குவதும், இரு உடல்கள் சரிவில் ஒன்றையொன்று தாங்குவதும் காலால் நடப்போர்க்கு வாய்க்காத அசைவுகள். ஊனம் இங்கு இரக்கத்தின் பொருளாகாது உருவத்தின் ஊற்றாகின்றது. அதன்வழியே, ஊனமுற்றோர்க்குக் காமம் இல்லையென்னும் பொய்யும் தகர்கின்றது.

பார்வையற்ற சுவைஞர்க்கென இக்குழுவினர் ஆக்கிய ‘ஓடிமான்ஸ்’ என்னும் கைப்பேசிச் செயலியும் இந்நோக்கினதே. பல ஒலித்தடங்களுள் தாம் விரும்பியதைத் தெரிந்து கேட்கும் உரிமையை அது அவர்க்கு அளிக்கின்றது. ஒரே விவரணத்தை எல்லோர்க்கும் பொதுவாக வழங்கும் முறையினின்று இது வேறுபட்டது.

எனினும் ஓர் எல்லையைச் சுட்டுதல் வேண்டும். தேர்ந்த பயிற்சியுடைய இருவரின் வல்லமையை அரங்கிலமர்ந்து வியக்கும்போது, ‘இவர்களே இத்துணை ஆற்றினரே’ என்னும் பழைய பரிதாபம் வியப்பின் வேடத்தில் மீளக்கூடும். நோவாலும் களைப்பாலும் வீட்டைவிட்டு அகலவியலாதோரின் ஆடல் எங்கே? இவ்விடத்தில், ஊனமுற்றோர் இயக்கத்தினர் 2020 இல் இணையவழியே தொடங்கிய ‘றிமோட் அக்செஸ்’ என்னும் நடனக் கொண்டாட்டம் ஒப்புநோக்கற்பாலது. பால்புதுமையினரும் ஊனமுற்றோரும் கூடிய அங்கே படுக்கையிலிருந்தபடியும் ஆடலாம். இசையையும் அசைவையும் ஒருவர்க்கொருவர் விவரித்தல் பங்குபற்றுவோரின் கூட்டுப்பணியாயிற்று. ஆடுவோர், காண்போர் என்னும் பிரிவினை அங்கு தளர்கின்றது.

மேடை புதிய உருவத்தைத் தந்தது; கொண்டாட்டம் அதனைப் பொதுவுடைமையாக்கிற்று. ஒன்றின்றி மற்றையது முழுமை பெறாது. வாயிலிற் சாய்தளம் அமைத்ததோடு கடமை முடிந்ததெனக் கருதும் பண்பாட்டு நிறுவனங்களை நோக்கி நாம் கேட்கவேண்டியது ஒன்றே: உள்ளே வந்தவர் ஆடுவதற்கு இடமுண்டா?