அறுப்பதற்கா, சீவுவதற்கா? பிளைவுட் கதவில் ரவுட்டரின் இடம்

கப்போர்டு வேலைக்கு வரும் தச்சரின் பையில் இன்று உளியோடும் மூலைமட்டத்தோடும் ஒரு ட்ரிம்மரும் இருக்கிறது. ஒரு கைக்குள் அடங்கும் சின்ன ரவுட்டர் அது. அதில் மாட்டிய பிட் எனும் வெட்டுமுனை நிமிடத்துக்கு 30,000 சுற்று வரை சுழலும். மைக்கா ஒட்டியபின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைச் சீவத்தான் பெரும்பாலும் அதை வாங்குகிறார்கள். ஆனால் அதன் வேலை அதோடு நிற்பதில்லை. எட்டுக்கு நான்கு பிளைவுட் ஷீட்டை விரித்து, அலுமினியக் குழாயை வழிகாட்டியாக வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கி, கதவுகளையே ரவுட்டரால் வெட்டி எடுப்பவர்களும் உண்டு. இது நல்ல பழக்கம்தானா? பாதி நல்லது. எந்தப் பாதி என்பதைப் பொறுத்தே கதவின் ஆயுளும் தச்சரின் உடல்நலமும் அமையும்.

இந்த ஈர்ப்புக்கு நியாயமான காரணம் உண்டு. வீட்டிலேயே வைத்துச் செய்யும் வேலையில் பிளைவுட்டை அறுக்கப் பல இடங்களில் பயன்படுவது, மரம் அறுக்கும் பிளேடு மாட்டிய நான்கு அங்குல மார்பிள் கட்டர். கையோட்டத்தில் அது லேசாக அலையும். பிளேடின் பல் மரத்தைவிட்டு வெளியேறும் முகத்தில் வெனீர் சில்லு சில்லாகப் பெயரும். அடுத்தடுத்த இரண்டு கதவுகளுக்கு நடுவே விடும் இடைவெளியோ 2 அல்லது 3 எம்எம்தான். அங்கே ஒரு எம்எம் கோணல் இருந்தாலும் எதிரே நிற்பவர் கண்ணில் பட்டுவிடும். நல்ல கார்பைடு பிட் சீவிய ஓரம் தொட்டால் வழவழவென்று இருக்கும். எட்ஜ் பேண்டு இடுக்கில்லாமல் உட்காரும்.

முழு அறுப்பையும் ட்ரிம்மரிடம் ஒப்படைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பிட்டின் விட்டத்தில் பாதிக்கு மேல் ஒரே ஓட்டத்தில் இறக்கக் கூடாது என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கும் வரம்பு. 6 எம்எம் பிட் என்றால் ஓட்டத்துக்கு 3 எம்எம். 18 எம்எம் ஷீட்டுக்கு ஆறு ஓட்டம். 700க்கு 400 எம்எம் அளவுள்ள சமையலறைக் கதவின் சுற்றளவு 2.2 மீட்டர். ஆக, ஒரே ஒரு கதவுக்கு பிட் 13 மீட்டருக்கு மேல் ஓட வேண்டும். போதாததற்கு, பிளைவுட்டின் அடுக்குகளை ஒட்டும் பசை இறுகியபின் பிட்டின் கூரை மிக வேகமாக மழுக்கும். மழுங்கிய பிட் வெட்டாமல் தேய்க்கும். சூடேறி ஓரம் கருகும். அவசரத்தில் ஆறு ஓட்டத்தை இரண்டாகக் குறைத்தால் மெல்லிய பிட் வளைந்து ஓரம் செங்குத்தாக வராது. சில சமயம் பிட்டே முறிந்து தெறிக்கும். ரம்பம் ஒரே ஓட்டத்தில் முடிக்கும் வேலைக்கு இத்தனை பாடு தேவையில்லை.

ரவுட்டர் ஷீட்டை வீணாக்குகிறது என்ற குறையும் சொல்லப்படுவதுண்டு. அது அவ்வளவு வலுவான வாதம் அல்ல. 6 எம்எம் பிட் ஒவ்வொரு வெட்டிலும் 6 எம்எம் தின்னும் என்பது உண்மைதான். ஆனால் 3 எம்எம் பிளேடால் அறுத்து, இருபுறமும் ஒன்றிரண்டு எம்எம் சீவி எடுத்தாலும் சேதம் ஏறக்குறைய அதே அளவுதான் வரும்.

சரியான முறை, இரண்டு கருவிகளுக்கும் வேலையைப் பங்கிட்டுத் தருவது. கதவைச் சுற்றிலும் ஒன்றிரண்டு எம்எம் கூடுதலாக விட்டு ரம்பத்தால் அறுக்க வேண்டும். பிறகு துல்லியமாகச் செய்த அச்சுப் பலகையை அதன்மேல் பொருத்தி, பேரிங் பிட்டால் ஓரத்தைச் சீவ வேண்டும். பேரிங் அச்சைத் தொட்டு உருள, பிட் அதே கோட்டில் கதவை வெட்டிக்கொண்டு வரும். ஒரே அளவில் பத்துக் கதவு தேவையென்றால் பத்தும் ஒன்றுபோல வரும். இதில் சில நுணுக்கங்கள் உண்டு. பிட் மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுழல்வதால், வெளியோரத்தில் ரவுட்டரை இடஞ்சுழியாக நகர்த்த வேண்டும். மாற்றி ஓட்டினால் கருவி கையை இழுத்துக்கொண்டு ஓடும். முகப்பு வெனீரின் ரேகை மேலிருந்து கீழாக ஓடும் கதவில், மேல், கீழ் ஓரங்களை முதலில் சீவ வேண்டும். நாருக்குக் குறுக்கே வெட்டி முடியும் மூலையில் வெனீர் கொஞ்சம் பெயரத்தான் செய்யும். அடுத்து நெடுக்கு ஓரங்களைச் சீவும்போது அந்தப் பழுதும் சேர்ந்து போய்விடும். அச்சுப் பலகையை 12 எம்எம் எம்.டி.எஃப். நார்ப்பலகையில் செய்வது நல்லது. மிச்சம் கிடக்கும் பிளைவுட் துண்டில் செய்தால், உள்ளடுக்கில் இருக்கும் ஓட்டைக்குள் பேரிங் இறங்கும். அதே பள்ளம் பத்துக் கதவிலும் விழும்.

கணினி இயக்கும் சி.என்.சி. ரவுட்டர் உள்ள பட்டறையில் நிலைமை வேறு. அங்கே ஷீட் உறிஞ்சு மேசையில் அசையாமல் கிடக்கும். தடித்த பிட்டும் வலுவான மோட்டாரும் இருப்பதால் ஓட்டங்கள் குறையும். கம்ப்ரஷன் பிட்டின் கீழ்ப்பகுதி மேல்நோக்கியும் மேற்பகுதி கீழ்நோக்கியும் வெட்டுவதால் இரு முகத்திலும் வெனீர் பெயராது. கீலுக்கான 35 எம்எம் குழியையும் அதே ஓட்டத்தில் எடுத்துவிடலாம். இங்கே முழு அறுப்பையும் ரவுட்டரே செய்வது நியாயம். பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. 18 எம்எம் என்று விற்கப்படும் ஷீட் எல்லா இடத்திலும் சரியாக 18 இருப்பதில்லை. கீல் குழி சுமார் 12 எம்எம் ஆழம் போகும்; மிஞ்சுவது 6 எம்எம்தான். ஷீட் அரை எம்எம், ஒரு எம்எம் மெலிந்திருந்தால், மேசையிலிருந்து ஆழத்தைக் கணக்கிடும் இயந்திரம் எடுக்கும் குழியும் அந்த அளவுக்கு ஆழம் குறைந்துபோகும். கீல் முழுதாக இறங்காது. அதனால் சி.என்.சி. வேலைக்குத் தடிமன் சீராக்கப்பட்ட கேலிபரேட்டட் ஷீட்டையே கேட்டு வாங்க வேண்டும்.

கண்ணாடி வைக்கும் கதவில் ரவுட்டருக்கு நிகரில்லை. நான்கு சட்டங்களை மூலையில் இணைத்துச் செய்வதற்குப் பதில், ஒரே பிளைவுட் துண்டின் நடுவை வெட்டி எடுத்துவிடலாம். நார்கள் நெடுக்கும் குறுக்குமாக ஓடும் அடுக்குகள் மூலையில் தொடர்ந்து போவதால், மூட்டு விடும் என்ற பயமில்லை. வெட்டி எடுத்த நடுத்துண்டு ஒரு இழுப்பறையின் முகப்பாகும். 6 எம்எம் பிட் உள்மூலையில் 3 எம்எம் ஆர வளைவை விட்டுவைக்கும். அதை உளியால் சதுரமாக்கினால் போதும்.

பிளைவுட்டில் ரவுட்டர் ஓட்டும் பழக்கத்தின் மிகப் பெரிய குறை, ஓரத்தில் இல்லை, முகத்தில் இருக்கிறது. செல்போனில் படம் காட்டி, நடுவில் பள்ளமும் சுற்றிலும் சட்டமும் தெரியும் ஷேக்கர் பாணிக் கதவு வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். அமெரிக்காவின் ஷேக்கர் சமயக் குழுவினர் அதைத் தனித்தனிச் சட்டங்களாலும் நடுப்பலகையாலும் செய்தார்கள். இன்று படங்களில் தெரிபவற்றில் பல, எம்.டி.எஃப். பலகையில் ரவுட்டர் குடைந்து பெயிண்ட் அடித்தவை. எம்.டி.எஃப். உள்ளும் புறமும் ஒரே சீரான நார்ப்பலகை. எங்கே குடைந்தாலும் அடிப்பரப்பு வழவழப்பாக வரும். பிளைவுட்டில் 5 எம்எம் ஆழம் குடைந்தால் முகப்பு வெனீரைத் தாண்டி உள்ளடுக்குகளுக்குள் போய்விடும். பள்ளத்தின் தரையில் ஓரிடத்தில் நெடுக்கு நார், ஓரிடத்தில் குறுக்கு நார், நடுவே பசைக் கோடு, அங்கங்கே ஓட்டை. பட்டி பூசி, தேய்த்து, மறுபடி பூசினாலும் சில மாதத்தில் அந்தக் கோடுகள் பெயிண்டுக்கு மேலே தெரியத் தொடங்கும்.

ஐரோப்பியப் படங்களில் ஓரம் திறந்திருக்கும் பிளைவுட் சமையலறைகள் அழகாக இருப்பதற்கும் காரணம் பலகைதான். பின்லாந்து, பால்டிக் நாடுகளின் 18 எம்எம் பிர்ச் பிளைவுட்டில் ஏறத்தாழ ஒரே தடிமனில் 13 அடுக்குகள் இருக்கும். எல்லாம் பிர்ச் மரம். கைப்பிடிக்குப் பதிலாக ஓரத்தில் விரல் பள்ளம் குடைந்தாலும் அடுக்குகள் வரி வரியாகத் தெரியும். நம் கடைகளில் கிடைக்கும் ஷீட்டின் உள்ளடுக்கு பாப்லராகவோ யூகலிப்டஸாகவோ இருக்கலாம். தடிமனும் அடுக்குக்கு அடுக்கு மாறும். அதில் விரல் பள்ளம் குடைந்தால் சிலும்பல்தான் மிஞ்சும்.

எம்.டி.எஃப்.புக்கே போய்விடலாமே என்றால், தண்ணீர் தடுக்கிறது. தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவும் நம் சமையலறைகளில், சிங்க்குக்குக் கீழே சாதாரண எம்.டி.எஃப். கதவு ஊறி உப்பும். ஐ.எஸ். 710 தரப் பிளைவுட்டின் பசைப்பிடிப்பை 72 மணி நேரம் கொதிநீரில் வைத்துச் சோதிப்பார்கள். அந்த உறுதியை விட்டுக்கொடுக்க முடியாது. தகுந்த வழி, குடைவதைக் கைவிட்டு ஒட்டுவது: 12 எம்எம் பிளைவுட் அடிப்பலகை, அதன்மேல் ரவுட்டரால் வெட்டிய 6 எம்எம் சட்டம். பள்ளத்தின் தரையாக முழு வெனீர் முகம் அப்படியே கிடைக்கும். ஆனால் பின்புறத்திலும் லைனர் மைக்கா கட்டாயம் ஒட்ட வேண்டும். பிளைவுட் ஒற்றைப்படை அடுக்குகளால் இருபுறமும் சமன்பட்டு நிற்கும் பலகை. ஒரு முகத்தில் மட்டும் ஒட்டினாலோ ஆழமாகக் குடைந்தாலோ அந்தச் சமன் கெட்டுக் கதவு வளையும். ஏழடி உயர வார்ட்ரோப் கதவில் இது உடனே தெரியும்.

தூசி பற்றிப் பேசாமல் இந்தக் கணக்கு முடியாது. 700க்கு 400 கதவைச் சுற்றி 6 எம்எம் அகலத்துக்கு 18 எம்எம் பலகையை வெட்டினால், கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான கன அளவு மரம் தூளாகிறது. ஒரு சமையலறைக்கு முப்பது கதவு என்றால் ஏழு லிட்டர். உதிர்ந்து பரவும்போது அதைப்போலப் பல மடங்கு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. பிட் சுழலும் இடத்துக்கு மேல் குனிந்து, கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, ஜன்னல் மூடிய அறையில் நாள் முழுக்க ட்ரிம்மர் ஓட்டுபவர்கள் இளைஞர்கள். ரவுட்டரோடு உறிஞ்சு குழாயை இணைக்கும் வசதி இருந்தும் வேலை நடக்கும் வீடுகளில் அதைக் காண்பது அரிது.

காரணம் கூலி பேசும் முறையில் இருக்கிறது. இந்த வேலை பெரும்பாலும் சதுர அடிக் கணக்கில் பேசப்படுகிறது. அச்சுப் பலகை செய்ய ஆகும் நேரம், புதுப் பிட், உறிஞ்சும் இயந்திரம் எதற்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. ரம்பத்தால் கோணலாக அறுத்த கதவுக்கும் அச்சு வைத்துச் சீவிய கதவுக்கும் ஒரே விலை. பிளைவுட்டின் பிராண்டையும் கீலின் பிராண்டையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குகிற வீட்டுக்காரர்கள், ஓரம் எப்படிச் சீவப்படும், பள்ள வேலைப்பாடு இருந்தால் எந்தப் பலகை, தூசிக்கு என்ன ஏற்பாடு என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். அதற்கு ஆகும் கூடுதல் கூலியையும் சேர்த்து.