மஞ்சள் பூச்சும் டெல்லி வெயிலும்

2024 மே 29 அன்று டெல்லி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட வெயிலில் பகலெல்லாம் காய்ந்துவிட்டு, உடம்புச் சூடு ஆறுமுன்னரே எரியத் தொடங்கும் எல்இடி தெருவிளக்கு எத்தனை ஆண்டு அதே வெளிச்சத்தைத் தரும்? வாட்டையும் விலையையும் கேட்கும் நாம் இதைக் கேட்பதில்லை.

விளக்கின் மூடியைக் கழற்றினால் வரிசையாக மஞ்சள் பொட்டுகள் தெரியும். அடியில் இருப்பது நீல ஒளி தரும் சில்லு. மேலே உள்ள மஞ்சள் ஒளிர்பொருள் தூள், சீரியம் கலந்த இட்ரியம் அலுமினியம் கார்னெட், சுருக்கமாக 'யாக்'. நீலத்தில் ஒரு பகுதியை அது மஞ்சளாக்க, இரண்டும் சேர்ந்து வெள்ளையாகின்றன. அந்த மாற்றத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆற்றல் பூச்சுக்குள்ளேயே வெப்பமாகிவிடுகிறது. விளக்கின் வாட் கூடக் கூட இந்தச் சூடும் கூடும்.

யாக்கைக் குறை சொல்ல முடியாது. 150 டிகிரியிலும் அதன் ஒளிர்வு பெருமளவு குறையாது. அதைப் பிடித்து வைத்திருக்கும் சிலிக்கோன்தான் பலவீனம். வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. நாள்பட்ட சூட்டில் நிறம் மாறும், விரிசல் விடும், பிரியும். 2021 முதல் அமெரிக்க, கனடிய நகரங்கள் பலவற்றில் தெருவிளக்குகள் ஊதா நிறமானது பூச்சு சில்லிலிருந்து பிரிந்ததால்தான். எனவே 'வெப்பம் தாங்கும் ஒளிர்பொருள்' என்ற பேச்சு தூளை மட்டும் குறித்தால் அது பாதி உண்மை.

சிலிக்கோனை விட்டு, கண்ணாடியிலோ செராமிக் தகட்டிலோ ஒளிர்பொருளைப் பதிப்பதே உண்மையான முன்னேற்றம். யாக் செராமிக் சிலிக்கோனைவிடப் பல பத்து மடங்கு வேகமாக வெப்பத்தை வெளியேற்றுகிறது. ஆனால் தயாரிப்புச் செலவு அதிகம். கண்ணாடியை உருக்கும் சூட்டில் சிவப்பு ஒளி தரும் நைட்ரைடு சேர்மங்கள் கெட்டுப்போகக்கூடும். சிவப்பு குறைந்தால் வெளிச்சம் வெளிறிப்போகும். இட்ரியம் ஏற்றுமதிக்கு 2025 ஏப்ரலில் சீனா கட்டுப்பாடு விதித்தது இன்னொரு நெருக்கடி. நம் நாட்டு மணவாளக்குறிச்சியில் கிடைக்கும் மோனசைட் கனிமத்திலும் இட்ரியம் சொற்பமே.

வீடுகளுக்கு எல்இடி பல்பு வழங்கும் உஜாலா திட்டத்தில் அரசு வாங்கிய பல்பின் விலை 310 ரூபாயிலிருந்து 38 ரூபாய்க்கு இறங்கியது பெரிய சாதனை. வீட்டு பல்புக்குச் செராமிக் தேவையில்லை. உயர்கோபுர விளக்குக்கும் அதே மலிவு விலைக் கணக்கைப் போடுவதுதான் தவறு. எல்இடி சோதனையில் வழக்கமான குறைந்தபட்ச அளவு 6,000 மணி நேரம்; தெருவிளக்குக்கு அது ஒன்றரை ஆண்டு எரிப்புதான். அதற்குப் பிந்தைய ஆயுள் வெறும் கணிப்பு. உயர்வாட் விளக்குக்கு டெண்டர் விடும் நகராட்சிகள் சூட்டில் நிறம் எவ்வளவு மாறுகிறது என்ற அளவையும், நிறமாற்றத்துக்கு எழுத்துபூர்வ உத்தரவாதத்தையும் கட்டாயம் கேட்க வேண்டும்.