தாகமும் பாடமும்

கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகம் 1981இல் பாலசந்தரால் திரைப்படமாயிற்று. முறையிட்டுச் சலித்த சிற்றூரார் தாமே கால்வாய் வெட்டுகின்றனர், அதிகாரம் தடுக்கிறது. ஆட்சியின் அலட்சியத்தைத் தோலுரித்த அப்படைப்பைப் போற்றுகிறோம்.

ஆயினும், அது எழுப்பிய வினாவோடு மற்றொன்றையும் சேர்க்கிறோம்: பள்ளிக்கூடம் என்ன செய்தது?

2003இல் தமிழகத்துக் கட்டடங்களுக்கெல்லாம் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. 2019இல் சென்னைக்கு நீர் தரும் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டன. உடனே கோயில்களில் மழை வேண்டி யாகம் வளர்த்தனர்! சட்டம் குழி தோண்ட வைக்கும். தூர்ந்த குழியைத் தூர்வார வைப்பது அறிவன்றோ?

நீரின் வாய்பாட்டை ஒப்புவிக்கும் மாணவன், தன் ஊர் ஏரியின் மதகையும் வரத்துக்காலையும் அறியானெனில் அக்கல்வியால் பயனென்ன? பாடத்தை ஏரிக்கரைக்குக் கொண்டு செல்வோம். அறிந்தவனே ஆக்கிரமிப்பைத் தட்டிக் கேட்பான்; அதிகாரியிடம் கணக்கும் கேட்பான்!