அட்டையைக் கேட்காமல் வம்சம் சொல்லலாமா?

ஒரு துளி ரத்தம், 18எஸ் மரபணு வரிசை, கணினி வரைந்து தரும் வம்ச மரம். பாம்பு, பல்லி, ஆமை, தவளை ரத்தத்தில் வாழும் ஒருசெல் ஒட்டுண்ணிகளின் உறவுமுறைக்கு இவையே போதும், நுண்ணோக்கிக் காலத்துக் கட்டுரைகளைப் பரணில் போட்டுவிடலாம் என்ற பேச்சு இப்போது பலமாகக் கேட்கிறது. பிசகான பேச்சு.

மும்பை ஆண்டாப் ஹில்லில் உட்கார்ந்து இதை எழுதும்போது பால்-லூயி சிமோன்தான் முதலில் நினைவுக்கு வருகிறார். பிளேக் காலத்துப் பம்பாய்க்கு வந்தவர். எலித்தெள்ளு பிளேக்கைக் கடத்துவதை 1898-இல் கராச்சியில் காட்டினார். 1901-இல் அவர் இந்திய ஆமை, கரியால் முதலை ரத்த ஒட்டுண்ணிகளை விவரித்ததை யாரும் பேசுவதில்லை.

அதற்கு முந்தைய கதை சுருக்கமானது: 1843-இல் க்ரூபி தவளையில் கண்ட டிரிபனோசோம், 1885-இல் டனிலெவ்ஸ்கி வகுத்த ஹீமோகிரிகரைனா பேரினம். நான் நின்று பார்க்க விரும்புவது, காராமையின் ரத்த ஒட்டுண்ணியை ஆராய்ந்த மியூரியல் ராபர்ட்சனை. காராமையின் சிவப்பணுவில், நமக்கில்லாத உட்கரு உண்டு. ஒட்டுண்ணி வாழைப்பழம்போல் வளைந்து, உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுக் கிடக்கும். பாம்பிலும் பல்லியிலும் ஏறக்குறைய இதே தோற்றம்தான். ரத்தத்தை மட்டும் பார்த்தால் எல்லாம் ஒரே குடும்பம். இலங்கையில் ராபர்ட்சன் அதோடு விடவில்லை. ஆமையின் ரத்தம் குடித்த அட்டைக்குள் அந்த ஒட்டுண்ணியைத் தேடிப் போய், 1910-இல் அதன் வாழ்க்கைச் சுற்றை எழுதினார்.

பின்வந்த பல பத்தாண்டுகள் சோம்பலான காலம். புதிய பாம்பு கிடைத்தால் புதிய பெயர். அதைக் கடத்துவது எது என்ற கேள்வியே இல்லை. பெயர்கள் முந்நூறைத் தாண்டின. 1996-இல் டாட் ஸ்மித் பாம்பு ஒட்டுண்ணிகளைக் கூட்டமாக ஹெபடோசூன் பேரினத்துக்கு மாற்றியபோது கையில் வைத்திருந்த ஆதாரம் மரபணு அல்ல, வாழ்க்கைச் சுற்று. ஆமையின் ஒட்டுண்ணியை அட்டை கடித்துப் புகுத்துகிறது. ஹெபடோசூனோ கடத்தியை விழுங்கினால்தான் உள்ளே போகும்: கொசுவைத் தவளை தின்னும், தவளையைப் பாம்பு தின்னும். மரபணு மரங்கள் பிறகு வந்து அட்டை வழி ஆமைக் கூட்டத்தைத் தனிக் கிளையாகவே காட்டின.

அதே மரங்களில் ஹெபடோசூன் ஒரே வம்சமாக நிற்கவில்லை. பல்லிகளில் சிற்றுண்ணி கடத்தும் கேரியோலைசஸும், உண்ணி கடத்தும் ஹீமோலிவியாவும் அதன் நடுவே வந்து விழுகின்றன. 2015-இல் பார்டாசூன் என்றொரு பேரினம் முன்மொழியப்பட்டது; ஏற்றவர்கள் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. மெதுவாக மாறும் ஒற்றை மரபணு இந்த வழக்கைத் தீர்க்காது.

காராமை சட்டப் பாதுகாப்புள்ள பிராணி, கொல்ல வேண்டியதில்லை. வனத்துறை அனுமதியோடு ஒரு துளி ரத்தம் எடுக்கும்போதே, தோலில் ஒட்டிய அட்டையையும் எடுத்து வரட்டும். இரண்டிலும் வரிசை பார்க்கட்டும், அட்டையின் குடலை வெட்டி நுண்ணோக்கியிலும் பார்க்கட்டும். ராபர்ட்சன் பார்த்த அதே ஒட்டுண்ணியிலிருந்து தொடங்கலாம்.