எடைக்குப் போன முதல் பதிப்பு

சிவகாசியில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ஆப்செட் அச்சகம் ஒன்றில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சென்ற மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தபோது பீரோவைத் திறந்து, பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்த ஒரு மெல்லிய புஸ்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். 1972-ம் வருஷம் ஜனவரியில் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ், 'இரும்புக்கை மாயாவி'. என்ன விலை கொடுத்தீர்கள் என்று கேட்டேன். சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "அதை மட்டும் கேக்காதீங்க, அண்ணாச்சி" என்றார்.

அந்தக் கதை அவருக்கு மனப்பாடம். அதன் மறுபதிப்புகளும் அவரிடம் இருக்கின்றன. கதைக்காக இந்தப் பிரதியை வாங்கவில்லை என்பது தெளிவு. பின் எதற்காக? வெறும் பைத்தியம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். விமர்சகர்கள் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போகிறோம். அது சரியல்ல என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

இங்கிலாந்தில் இந்தப் பைத்தியத்துக்கு நல்ல மரியாதை உண்டு. இயான் ஃப்ளெமிங்கின் முதல் ஜேம்ஸ் பாண்ட் நாவல் 'கேஸினோ ராயல்' 1953-ல் வெளிவந்தது. முதல் அச்சில் 4,728 பிரதிகள். மேலுறை கிழியாத பிரதி ஒன்று இன்று பெரும் பணக்காரர்களின் அலமாரிக்குத்தான் போகும். மாடஸ்டி பிளைஸியை எழுதிய பீட்டர் ஓடானல் 1965-ல் அவளை வைத்து முதல் நாவலை வெளியிட்டார். அதையும் தேடுகிறார்கள். அதே மாடஸ்டிதான், சித்திரக் கதையாக, 1984 ஜூலையில் சிவகாசியில் லயன் காமிக்ஸின் முதல் இதழாக வந்தாள். அதையும் தேடுகிறார்கள். லண்டன் ஏலக்கடையில் தேடுகிறவருக்கும், சிவகாசிப் பழைய பேப்பர் கடையில் குனிந்து தேடுகிறவருக்கும் ஆசை ஒன்றுதான்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. லண்டனில் முதல் பதிப்பு எது என்பதில் சண்டை இல்லை. தமிழில் மர்ம நாவலின் முதல் பதிப்பு எது? சுஜாதாவின் 'நைலான் கயிறு' 1968-ல் குமுதத்தில் தொடர்கதையாக வந்தது. புஸ்தகமாக வந்தது பிறகுதான். அப்படியானால் அதன் முதல் பதிப்பு புஸ்தகம் அல்ல, அந்தக் குமுதம் இதழ்கள்தான். வாசகர் அதை வாரா வாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்திருந்தால் அந்தத் தையல் புஸ்தகமே முதல் பதிப்பு. வீட்டுக்கு வீடு வேறு வேறான முதல் பதிப்பு வேறு எந்த ஊரில் உண்டு?

விருதுநகரில் எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. தைத்தவள் என் அக்கா. அப்பாவின் கமிஷன் கடையில் மல்லி மூட்டை தைக்கிற கோணி ஊசியும் சணலும் அவளுடைய கருவிகள். தீர்ந்துபோன பேரேட்டின் அட்டை, மைதாப் பசை. பிற்பாடு அவளுக்கு வசதி வந்து பைண்டரிடம் கொடுத்தாள். பைண்டர் அழகாகத்தான் செய்தார். ஆனால் ஓரம் வெட்டும்போது பக்கத்தின் அடியிலிருந்த தேதியும் போய்விட்டது. விளம்பரப் பக்கங்களையும் வேண்டாம் என்று உருவி எறிந்தார். அவளுடைய கோணி ஊசிப் பிரதியில் தேதி இருந்தது, சோப்பு விளம்பரம் இருந்தது, அடுத்த வாரத்துக்காக அவள் பென்சிலில் எழுதி வைத்த சந்தேகங்களும் இருந்தன.

தேதியும் விளம்பரமும் விமர்சனத்துக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் துப்பறியும் நாவல்களைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்லும் குறைகளை எண்ணிப் பாருங்கள். சொன்னதையே திரும்பச் சொல்கிறார்கள். அத்தியாயத்துக்கு அத்தியாயம் காரணமில்லாமல் யாராவது கதவைத் தட்டுகிறார்கள். முடிவு அவசரக் கோலம். புஸ்தகமாகப் படித்தால் இவை குறைகள்தான். ஏழு நாள் இடைவெளி விட்டுப் படித்தவருக்குத் திரும்பச் சொன்னது உதவி, கதவு தட்டியது அடுத்த வாரத்துக்கான அச்சாரம். மாத நாவலில் முடிவு ஓடிப்போய் விழுவதற்குக் காரணம், பெரும்பாலும் ஆசிரியரின் கை அல்ல, ஃபாரக் கணக்கு. இத்தனை ஃபாரம்தான் என்று அச்சகம் முடிவு செய்துவிட்டால் கொலைகாரன் அதற்குள் அகப்பட்டே தீரவேண்டும். எது ஆசிரியரின் குறை, எது காகிதத்தின் குறை என்று பிரித்துச் சொல்லவேண்டியவன் விமர்சகன். முதல் வடிவத்தைப் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது.

இதனால் இந்த நாவல்கள் எல்லாம் இலக்கியம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். பெரும்பாலானவை இரண்டாம் தடவை படிக்கத் தாங்காது. ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதல், சங்கர்லாலைப் படைத்த தமிழ்வாணன் வழியாக, ஆயிரத்துக்கு மேல் எழுதிக் குவித்த ராஜேஷ்குமார் வரை ஒரு நூற்றாண்டுக் காலம் தமிழர்கள் ஆசையோடு படித்தவை இவை. தமிழில் வேகமாக வசனம் எழுதவும், சின்ன வாக்கியத்தில் பயத்தைக் காட்டவும் பழகிய பட்டறை இதுதான். பட்டறையைப் பார்க்காமல் சாமான்களுக்கு மதிப்புச் சொல்கிறோம்.

இனி நான் ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரிக்குப் போய்ப் பெரிய எழுத்தாளர்களைப் படிக்க ஆரம்பித்த வருஷம், எனக்கு இலக்கிய ஞானம் வந்துவிட்டது. விடுமுறைக்கு வந்தபோது பரணைக் காலி செய்து, அக்காவின் தையல் புஸ்தகங்கள் அத்தனையையும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டேன். அக்கா அப்போது புகுந்த வீட்டில் இருந்தாள். பொங்கலுக்கு வந்தவள் பரணை நிமிர்ந்து பார்த்தாள். "எத்தனை கிலோ இருந்துச்சு, தம்பி?" என்று கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பழைய காகிதத்துக்கு எப்போதும் ஒரு வேலை உண்டு. வெடிக்குக் குழாய் உருட்டுவார்கள். தீபாவளிக் காலையில் தெருவெல்லாம் சிதறிக் கிடக்கும் துணுக்குகளில் கருகாத ஓரத்தில் அரை வரி எழுத்துத் தெரியும். சிறு வயதில் அதைப் பொறுக்கிப் படிப்பது எனக்கு விளையாட்டு. அந்த வருஷத்துக்குப் பிறகு குனிந்து பார்க்கவில்லை.

கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதுகிற தொழில் தெரிந்தவர். இலக்கியமா, குப்பையா என்று கேட்காமல் நாவல், நாடக நோட்டீஸ், கலியாணப் பத்திரிகை எல்லாவற்றையும் சேர்த்தார். அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. 1994-ல் சென்னையில் அவர் பெயரால் நூலகம் வந்தது. இன்று தமிழ்நாட்டில் யார் ஆராய்ச்சி செய்தாலும் அந்த வாசலில் நிற்கவேண்டியிருக்கிறது. அவர் என்னைப் போல ஞானம் பெற்றிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? தேர்ந்தெடுப்பது விமர்சகனின் வேலை. ஆனால் அவன் சேகரிப்பவனுக்குப் பிறகு வரவேண்டும், முன்னால் அல்ல.

சேகரிப்பவர்களிலும் கண்ணாடித்தாள் உறைக்குள் போட்டு ஒட்டி, விலை ஏறக் காத்திருப்பவர்கள் உண்டு. படிக்காத பிரதியைப் பூட்டி வைப்பது நான் எடைக்குப் போட்டதைவிட அதிக உத்தமமான காரியம் அல்ல. சிவகாசி நண்பரின் பிரதியில் முதல் பக்கத்தில் ஒரு பையன் தன் பெயரையும் 'ஆறாம் வகுப்பு' என்பதையும் கோணல் எழுத்தில் எழுதியிருந்தான். அதனால் விலை பாதியாகும், ரப்பரால் அழித்துவிடுங்கள் என்று ஒருவர் யோசனை சொன்னாராம். நண்பர் அழிக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் சணலில் தைத்த தொடர்கதை இருக்கலாம். எடைக்குப் போடுவதற்கு முன் தைத்தவரை ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் இல்லையென்றால், எந்தப் பத்திரிகை, எந்த வருஷம், யார் தைத்தது என்று அட்டையின் உட்புறம் எழுதி, ஒரு நூலகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.