தொண்டைமானின் ஆயுதசாலை

அமெரிக்காவிலே தொழில் பார்த்துத் திரும்பிய உறவினர் ஒருவர், தாம் படித்து முடித்த சஞ்சிகைகளை ஒரு பெட்டி நிறையக் கட்டி என்னிடம் தந்தார். பாடசாலை வாசிகசாலைக்கு உதவும் என்பது அவர் எண்ணம். பிரித்துப் பார்த்தால், அவற்றுட் பெரும்பாலானவை துப்பாக்கி சேகரிப்போருக்கான ஏடுகள். வாசிகசாலைக்கு அவை போகவில்லை. ஆனால் நான் விடாது படித்தேன். துப்பாக்கியை வேடிக்கைப் பொருளாகக் காணும் வாய்ப்பு, 2009 வரை போருக்குள் வளர்ந்த நமது தலைமுறைக்குக் கிட்டியதில்லை. இவ்வளவு அன்போடு அதைப் பற்றி எழுதுவோர் யார் என்று அறியும் ஆவல் எனக்கு உண்டாயிற்று.

படித்தவற்றில் ஒரு பகுதி, ஏறக்குறைய ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வது. இராணுவம் கழித்துவிட்ட பழைய கைத்துப்பாக்கி ஒன்றை ஒருவர் வாங்குகிறார். அதைச் சுட்டுப் பார்க்கிறார். அந்த அனுபவத்தை எழுதுகிறார். தூது, உலா என்பனபோல் உறுப்புகள் வரையறுக்கப்பட்ட ஒரு சிற்றிலக்கியம் என்றே இதனைக் கொள்ளலாம். ஆசை கூறல், காத்திருத்தல், பெட்டி திறத்தல், முத்திரை ஆராய்தல், சுட்டுப் பார்த்தல், துடைத்து வைத்தல் என்று உறுப்புகள் ஒழுங்காக வருகின்றன. இறுதியிலே, வரலாற்றையே கையில் ஏந்தியதாகப் பூரிப்பு. இந்த வரலாறு என்ற சொல்லைத்தான் நாம் சற்று நிறுத்தி விசாரிக்க வேண்டியிருக்கிறது.

அதற்குமுன் ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். இவர்களது உரைநடை நல்ல உரைநடை. ஒரு திருகாணியின் தலை எந்த ஆண்டில் எப்படி வெட்டப்பட்டது, சாம்பற் பச்சை நிறமான பொசுபேற்றுப் பூச்சு எங்கே தேய்ந்து உருக்கு வெளித்தெரிகிறது, கைப்பிடியின் பின்புறம் எப்போது வளைவாயிற்று என்பனவற்றையெல்லாம் பிசகின்றிச் சொல்கிறார்கள். உழைக்கும் மக்களைப் பற்றி எழுதுவதாகக் கூறும் நம்மவர் எத்தனை பேருக்கு, தங்கள் கதாபாத்திரம் பிடித்திருக்கும் கருவியைப் பற்றி இதிற் பாதியளவு தெரியும்? மீனவனைப் பற்றி நாவல் எழுதியவரிடம் வலையின் வகை கேட்டால் விழிக்கிறார். பொருளை அறிந்து எழுதும் இந்த ஒழுக்கத்தை நாம் யாரிடமிருந்தும் கற்கலாம்.

சுட்டுப் பார்த்தலைக் கூறும் பகுதியில் இவ்வொழுக்கம் உச்சம் பெறுகிறது. பெரும்பாலும் பேசப்படுவது 1911 என்ற ஆண்டின் பெயராலேயே வழங்கும் கைத்துப்பாக்கி. யோன் பிறவுணிங் வடிவமைத்து, கோல்ற் நிறுவனம் செய்து, அமெரிக்க இராணுவம் 1911 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. ரவைக்கூட்டில் ஏழு ரவைகள். ஒவ்வொரு குண்டும் ஏறக்குறைய 15 கிராம். குறிகாட்டிகள் சிறியவை, வயதானவர் கண்ணுக்கு எட்டாதவை. பழைய வடிவத்தில், பின்னோக்கி வரும் சுத்தியல் பெருவிரலடித் தசையைக் கடித்துவிடும். 1920களின் நடுப்பகுதியில் அக்குறை திருத்தப்பட்டது. பழைய உருக்கு இன்றைய முறையில் முழுவதும் கடினமாக்கப்பட்டதன்று. ஆதலால் புதிய சுருள்வில்லை இட்டு, மிதமான ரவையையே பயன்படுத்தி, ஐம்பது தடவைக்கு மேற்போகாது சுட்டு, உடனே எண்ணெயிட்டுத் துடைக்கிறார்கள். சுடுவதற்கென்றே செய்த பொருளைச் சுடுவதனின்று காப்பதே சுடுபவரின் முதற்கவலையாகிறது!

இப்பொருள் அவர் கைக்கு வந்த வழியும் அறியத்தக்கது. 1985 இல் இத்தாலிய பெறெற்றா துப்பாக்கியை இராணுவம் தெரிந்தெடுத்தபின் இவை களஞ்சியத்திற் கிடந்தன. ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேற்படாமல் இவற்றைக் குடிமக்களுக்கு விற்க 2015 நவம்பரிற் சட்டம் இடங்கொடுத்தது. குடிமக்களின் குறிசுடுந் திறனை வளர்ப்பதற்கென 1903 இல் அரசாங்கம் தொடங்கி, 1996 இல் தன் கையிலிருந்து விட்ட ஓர் அமைப்பே விற்பனையாளர். 2018 செப்டெம்பர் 4 முதல் ஒக்டோபர் 4 வரை தபால் முத்திரை இடப்பட்ட விண்ணப்பங்களை அது ஏற்றது. துப்பாக்கிகளைவிட விண்ணப்பங்கள் மிகுதி. குலுக்கல்முறையில் வரிசை தீர்மானிக்கப்பட்டது. ஆளுக்கு ஆண்டுக்கு ஒன்று. முன்வரலாற்றுப் பரிசோதனை இரு தடவை. வாங்கியோரில் முன்னாட் போர்வீரரும், தாத்தாவின் இடையிலிருந்தது போன்ற ஒன்றை வேண்டிய பேரப்பிள்ளைகளும் உண்டு. அவர்களைப் போர்வெறியர் என்று ஒரு சொல்லில் ஒதுக்குவது எளிது; அது விமர்சனமாகாது.

விலையைக் கவனியுங்கள். முதற் சுற்றிலே மூன்று தரங்கள்: 1,050, 950, 850 டொலர். தேய்வு குறைந்தது மேற்றரம். துருக்குழி விழுந்தது கடைத்தரம். இவற்றிற் பெரும்பாலானவை இராணுவப் பட்டறைகளிற் பலமுறை கழற்றிப் பூட்டப்பட்டவை. ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளைப் பிரித்து, பகுதிகளைக் கும்பலாகக் கொட்டி, கைக்கு அகப்பட்டதை எடுத்துப் பொருத்தினார்கள். ஒரு தொழிற்சாலையின் உடலும் இன்னொன்றின் மேற்பகுதியும் மூன்றாவதன் குழலும் ஒன்றாயின. சேகரிப்பாளர் இவற்றைக் கலப்பு என்று இரண்டாந்தரமாகவே மதிக்கிறார். பட்டறைக்குப் போகாமல், பிறந்த மேனியாக இருப்பதற்கு ஏலத்திற் பன்மடங்கு விலை.

இங்கேதான் எனக்கு அவ்வையார் நினைவுக்கு வந்தார். தொண்டைமானிடம் தூது சென்றபோது அவர் பாடியதாகப் புறநானூற்றிலே உள்ள பாட்டை உயர்வகுப்பு மாணவர் அறிவர். தொண்டைமானின் ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று, காவல் மிகுந்த மாளிகையில் அழகாக இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனுடைய சிறுகொட்டிலிற் கிடக்கின்றன என்பது அதன் பொருள். புகழ்வதுபோல் இகழ்ந்த பாட்டு. அவ்வையார் போரைப் பழித்தவர் அல்லர். அந்த முற்போக்கை அவர்மேல் ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் நுனி முறிந்த வேலே நடந்ததைச் சொல்லும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சேகரிப்பாளரின் சந்தையோ தொண்டைமானின் பக்கம் நிற்கிறது. உண்மையாகவே பல கைகளிலும் பல போர்களிலும் அடிபட்டது மலிவு. ஒரு கையும் படாதது அருமை. வரலாற்றுக்கு விலை கொடுப்பதாக எழுதுகிறார்கள். கொடுப்பது வரலாறு தீண்டாமைக்கு.

அந்த வரலாறு எங்கே தொடங்கிற்று? பிலிப்பைன்ஸிலே. 1899 இற் சுதந்திரம் கேட்ட அம்மக்கள்மீது அமெரிக்கா போர் தொடுத்தது. தென் தீவுகளில் மோரோ மக்களுடன் நேர்ந்த மோதல்களில், 0.38 அங்குலச் சுழல்துப்பாக்கியின் குண்டு பட்டும் அவர்கள் விழாது முன்னேறினர் என்று படையினர் முறையிட்டார்கள். பெரிய குண்டு வேண்டும் என்ற கோரிக்கையின் பிள்ளையே 1911. சஞ்சிகைக் கட்டுரைகள் இதனைச் சொல்லாமல் விடுவதில்லை. ஒரு பந்தியிற் சொல்லிவிட்டு அடுத்த பந்தியில் திருகாணிக்குத் திரும்பிவிடுகின்றன. மோரோ வீரர் அங்கே குண்டின் வலிமையை அளக்கும் ஓர் அளவுகோல். தன் தீவில் நின்று போரிட்ட மனிதர் அல்லர். 1906 மார்ச்சில் ஹோலோ தீவின் புட் டாஜோ எரிமலை வாயிலே பெண்களும் பிள்ளைகளும் உட்பட நூற்றுக்கணக்கான மோரோக்கள் கொல்லப்பட்டதைப் பற்றி மார்க் துவைன் மனங் கொதித்து எழுதினார். அவ்வெழுத்து அவர் உயிரோடிருந்த காலத்தில் அச்சேறவில்லை.

குண்டின் அளவைத் தீர்மானிக்க 1904 இல் தொம்சன் என்ற படையதிகாரியும் லகார்ட் என்ற படை வைத்தியரும் பரிசோதனை நடத்தினர். மனிதப் பிணங்களிலும், சிக்காகோவின் இறைச்சிக் கொட்டில்களில் உயிருள்ள மாடுகளிலும் சுட்டுப் பார்த்து, 0.45 அங்குலத்திற் குறையாத குண்டே தக்கது என்று அறிக்கை செய்தார்கள். அதே 1904 இலேதான் அப்டன் சிங்கிளெயர், அதே சிக்காகோக் கொட்டில்களுக்குத் தொழிலாளரின் வாழ்வைக் காணச் சென்றார். 1906 இல் வெளிவந்த ‘காடு’ என்ற பொருளுடைய அவரது நாவல் உலகறிந்தது. ஒரே இடத்தை ஒரே ஆண்டில் இரு சாரார் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் கண்ணுக்கு லிதுவேனியாவிலிருந்து வந்த கூலித் தொழிலாளி தெரிந்தான். மற்றவர் கண்ணுக்கு மாடு எத்தனை குண்டில் விழுந்தது என்பது தெரிந்தது. இரண்டும் துல்லியமான அவதானிப்புகளே. வெறுந் துல்லியம் யதார்த்தவாதம் ஆகாது என்று வகுப்பறையிற் பலமுறை விளக்கியும் விளங்காதது, இந்த உதாரணத்தால் மாணவருக்குச் சட்டென்று விளங்கியது.

இரண்டாம் உலகப்போரில் இத்துப்பாக்கியைச் செய்தவர்கள் துப்பாக்கிக்காரர் மட்டுமல்லர். புகையிரதச் சமிக்ஞை செய்த யூனியன் சுவிச் அண்ட் சிக்னல் ஏறக்குறைய 55,000 செய்தது. தட்டெழுத்துப் பொறி செய்த றெமிங்ரன் றாண்ட், நியூயோர்க் மாநிலத்துச் சிரக்கியூசில் 870,000க்கு மேற் செய்தது. தொடக்கத்தில் அதன் பகுதிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமையால் 1943 இல் உற்பத்தியையே சிறிது காலம் நிறுத்த நேர்ந்தது. பின்பு தரத்திற்குப் பெயர் பெற்றது. அந்த நிறுத்தத்துக்கும் பெயருக்கும் இடையே இயந்திரங்களின் முன்னின்று பழகியவர்கள் யார்? கட்டுரைகளில் அவர்கள் இல்லை. இருப்பது, உடலில் அடித்த எவ். ஜே. ஏ. என்ற மூன்று எழுத்து. பிராங்க் அற்வூட் என்ற இராணுவ அதிகாரியின் முதலெழுத்துகள் அவை. அவர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்திருக்க முடியாது. ஆயினும் அம்முத்திரை தெளிவாக இருந்தால் விலை ஏறுகிறது. கடைந்தவரின் கைக்கு முத்திரை இல்லை.

சேகரிப்பாளர் எல்லோரும் கனாக் காண்பது சிங்கர் நிறுவனத்தின் துப்பாக்கியை. 1940 இற் பயிற்சிக் கட்டளையாகப் பெற்று அது செய்தவை 500 மாத்திரமே. ஒன்றின் விலை இலட்சம் டொலரைத் தாண்டியதுண்டு. நம் வீடுகளிற் கால்மிதியோடு இருக்கும் அதே சிங்கர்தான். எங்கள் வீட்டு மெஷினில் அம்மா ஊராரின் சட்டை தைத்து எங்களைப் படிப்பித்தார். அதன் உடலிலும் ஓர் இலக்கம் பொறித்திருக்கும் என்கிறார்கள். மாதக்கணக்காக அந்நியரின் துப்பாக்கி இலக்கங்களைப் படித்துக்கொண்டிருந்த நான் அதை இன்னும் பார்க்கவில்லை. அம்மாவிடம் கேட்டேன், எண்ணெய்க் கறைக்குக் கீழே எங்கோ இருக்கும் என்றார்.